கயிறு தொங்கிய விட்டம்

சென்ற தை மாதம் அப்பா குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் கதவு உள்பக்கம் திறப்பது. அவர் அதன்மேலேயே சாய்ந்து கிடந்ததால் கால்மணி நேரம் வெளியே நின்று தவித்தோம். சேலத்தில் குகை என்ற பகுதியில் தாத்தா கட்டிய வீடு அது. மறுநாளே கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டினோம். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து காசை வைத்துத் திருப்பினால் திறக்கும் வகை. மற்ற எதற்கும் யோசியுங்கள், இதற்கு மட்டும் யோசிக்காதீர்கள்.

அடுத்து நான் செய்தது மடத்தனம். சுவரில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கைப்பிடியை வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் அது அப்பாவின் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, மறுகை குழாயில் இருந்தது. திருகாணி அடிக்கலாம் என்றால் மண்சாந்துச் சுவர், துளையிட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மேஸ்திரிதான் வழி சொன்னார். சுவரின் மறுபக்கம் வரை துளைத்து, அங்கே இரும்புத் தகடு கொடுத்து போல்ட்டை முடுக்கினார். நானே தொங்கிப் பார்த்துவிட்டேன், அசையவில்லை.

கழிப்பறையில் கைப்பிடியை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு மாதம் போயிற்று. பார்த்த படங்களில் எல்லாம் பக்கச் சுவரில் படுக்கைவாட்டில் இருந்தது; அப்படியே வைத்தேன். அப்பா அதைத் தொடவே இல்லை. எழும்போது கையை முன்னால் நீட்டிக் காற்றைத் துழாவினார். அப்போதுதான் உறைத்தது. ஐம்பது வருடம் குழித்தறியில், அதாவது தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு நெய்யும் தறியில், உட்கார்ந்தவர். குழியிலிருந்து எழ விட்டத்தில் ஒரு கயிறு தொங்கும். அதைப் பற்றி இழுத்துத்தான் எழுவார். கயிறு உரசிய இடம் விட்டத்தில் இன்னும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அவர் உடம்புக்கு ஊன்றி எழத் தெரியாது. சிறிய அறை, எதிர்ச் சுவர் கைக்கு எட்டும். அங்கே நெட்டுக்குத்தாக ஒரு ஸ்டெயின்லெஸ் குழாயை முடுக்கினோம். ஈரக்கை வழுக்குகிறது என்று அவரே நூல்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, தறிக்காரர் முடிச்சுப் போட்டுக்கொண்டார். நாறும் என்றால் கேட்பதில்லை. வாரம் ஒருமுறை அவிழ்த்துத் துவைக்கிறேன்.

வாசலில் இரண்டு படி, மொத்த உயரம் 14 அங்குலம். சாய்தளம் என்றால் 1:12, அதாவது ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்கிறது மத்திய அரசின் 2021 அணுகல்தன்மை வழிகாட்டுதல். 14 அடி நீளத்துக்கு எங்கள் தெருவில் எங்கே போவது? நான்கடியில் போட்டுத் தருகிறேன் என்றார் மேஸ்திரி. அதில் பேரன்கள் சறுக்கி விளையாடலாம், அப்பா ஏற முடியாது. கடைசியில் திண்ணையை ஒட்டித் திருப்பி, மூன்றரை அங்குல உயரத்தில் நான்கு படியாக்கினோம். ஒரு பக்கம் பிடிகம்பி. விளிம்புகளில் மஞ்சள் பெயின்ட், ஏனென்றால் புரை விழுந்த கண்ணுக்குச் சிமென்ட் படியும் சிமென்ட் தரையும் ஒன்றுதான். நிலைப்படியை மட்டும் அம்மா தொட விடவில்லை. வெள்ளிதோறும் மஞ்சள் பூசும் இடத்தில் உளி வைப்பதா என்றார். இருபுறமும் சாந்து பூசிச் சரித்துவிட்டோம்.

மொத்தம் 23,000 ரூபாய். அதில் 900 அந்த ரப்பர் கைப்பிடிக்கு அழுதது.

ஆடியில் மாரியம்மன் விழாவுக்குச் சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை அன்று இரவு திண்ணையில் அப்பாவைக் காணோம். நான்கு படியும் தானே இறங்கி, தெருமுனைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மா என்னைத்தான் திட்டினார்.