காசநோய் அல்லாத இருமல்
கல்லடியிலுள்ள என் பெரியம்மாவுக்கு நீரிழிவும் இல்லை, வேறு பெருநோயும் இல்லை. ஆயினும் மாதக்கணக்கில் இருமி மெலிந்தபோது, நிறமூட்டிய சளியில் காசநோய்க் கிருமியைப் போன்ற சிவந்த கோல்கள் தெரிந்தமையால், அயலவர்கள் அவர் குடித்த கோப்பையைக்கூட ஒதுக்கினார்கள். (காசநோயே ஆனாலும் கோப்பையால் பரவாது என்பது வேறு கதை.) சளியிலுள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில்தான் அது மண்ணிலும் நீரிலும் வாழும் மைக்கோபாக்டீரியம் ஏவியம் வகைக் கிருமி என்று தெரிந்தது, இது பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. நோயெதிர்ப்பு ஆற்றல் குறையாத, மெலிந்த, வயதான பெண்களின் நுரையீரலிலும் இது மெல்ல வேரூன்றும். இதனால் வந்த நோய்தான் என்று உறுதிசெய்ய, கிருமி ஒருமுறை தென்பட்டால் போதாது. இரண்டு தனித்தனிச் சளி மாதிரிகளிலாவது வளர வேண்டும், நுரையீரல் ஸ்கேனும் பொருந்த வேண்டும். அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எதம்பியூட்டோல் ஆகிய மூன்று மருந்துகளையும், சளியில் கிருமி மறைந்த பின்னும் ஓராண்டு விழுங்க வேண்டும். எதம்பியூட்டோல் பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பதால், பெரியம்மா கண் பரிசோதனைக்கும் தவறாமல் போய்வருகிறார்.