கராஜ் கதவின் ஸ்பிரிங் உடைந்தபோது செய்ததும் செய்யாமல் விட்டதும்

காலையில் கராஜ் பக்கமிருந்து பெரிய சத்தம். அலமாரி ஏதோ சரிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது, கதவும் மூடித்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எங்கள் கதவு தகடு தகடாக மடிந்து மேலே ஏறும் வகை. அதற்கு மேலே, சுவரை ஒட்டி ஓடும் இரும்புத் தண்டில் இரண்டு ஸ்பிரிங்குகள் கோத்திருக்கும். இடது பக்க ஸ்பிரிங்கின் நடுவில் இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு இடைவெளி. முறுக்கி வைத்த ஸ்பிரிங் உடைந்ததும் முறுக்கு விட்டு இரண்டு துண்டும் சுருங்கிக்கொள்ளும், அதனால்தான் அந்த இடைவெளி. கதவு திறக்காமல் போனால் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன். இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். உடைந்த ஸ்பிரிங்கில் முறுக்கு இல்லை, அது இனி எதுவும் செய்யாது. கவனிக்கவேண்டியது உடையாமல் இருக்கும் இன்னொரு ஸ்பிரிங்கையும், தாங்க ஆள் இல்லாமல் போன கதவின் எடையையும்தான்.

மோட்டார்தான் கதவைத் தூக்குகிறது என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். உண்மையில் தூக்குவது ஸ்பிரிங். கதவு கீழே இறங்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. மேலே போகும்போது அந்த முறுக்கு, தண்டின் இரு முனையிலும் உள்ள டிரம் என்ற உருளை வழியாக, கதவின் அடியில் மாட்டிய இரும்புக் கேபிளை இழுத்துக் கதவின் எடையைச் சுமக்கிறது. மோட்டாரின் வேலை மெல்ல நகர்த்திவிடுவது மட்டுமே. இரண்டு கார் நிற்கும் அகலத்தில் உள்ள கதவு நூறு கிலோவைக்கூடத் தொடும். ஸ்பிரிங் இல்லாவிட்டால் அவ்வளவு எடையும் மோட்டாரின் தலையில் விழும்.

மச்சினன் அதற்குள் ரிமோட்டை எடுத்துவிட்டான். “ஒரு தடவை அமுக்கிப் பார்க்கலாமே மாமா, இன்னொரு ஸ்பிரிங் நல்லாத்தானே இருக்கு?” என்றான். வாங்கி வைத்துவிட்டு மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினேன். வேறு யாராவது தெரியாமல் பொத்தானை அமுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சுவர் சுவிட்சின் மேல் ஒரு சீட்டும் ஒட்டினேன். ஒற்றை ஸ்பிரிங்கோடு மோட்டாரை ஓட்டினால் உள்ளே பல்சக்கரம் தேயலாம், கதவின் மேல்தகடு வளையலாம். அதையெல்லாம்விட மோசமானது, கதவு பாதி ஏறி நின்றுவிடுவது. அப்படி நிற்கும் கதவை எது தாங்கிக்கொண்டிருக்கிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது.

மோட்டார் தண்டவாளத்திலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். மின்சாரம் போனால் அதை இழுத்துக் கதவைக் கையால் திறக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். கதவு மூடியிருக்கும்போது அதை இழுத்தால் ஒன்றும் ஆகாது. திறந்திருக்கும்போது ஸ்பிரிங் உடைந்திருந்தால் மட்டும் அந்தக் கயிற்றைத் தொடவே கூடாது. கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது அப்போது மோட்டாரின் பிடி ஒன்றுதான். கயிற்றை இழுத்தால் முழுக் கதவும் ஒரே வீச்சில் இறங்கிவிடும். அந்த நிலைமையில் குழந்தைகளையும் நாய் பூனைகளையும் அந்தப் பக்கமே விடாமல் பார்த்துக்கொண்டு, ஆள் வரும்வரை காத்திருப்பதுதான் சரி. எங்கள் கதவு மூடிய நிலையில் இருந்தது நல்ல காலம்.

கார் உள்ளே மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாமா என்று பேசினோம். முதலில் கேபிளைப் பார்த்தேன். உடைந்த அதிர்ச்சியில் ஒரு பக்கக் கேபிள் தளர்ந்து டிரம்மின் பள்ளத்திலிருந்து நழுவியிருந்தது. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். கேபிள் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் இழுக்காவிட்டால் கதவு கோணலாக ஏறி, கதவோரத்து ரோலர் சக்கரங்கள் தண்டவாளத்திலிருந்து வெளியே வந்துவிடும். காரை அப்படியே விட்டுவிட்டு வேறு வண்டியில் போய் வந்தோம். சிரமம்தான், ஆனால் வேறு வழியில்லை. உயிர் போகும் அவசரத்தில் தூக்கியே ஆகவேண்டும் என்றால், கேபிள் இரண்டும் டிரம்மில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் வேண்டும். தகடுகள் சேரும் மடிப்பில் விரலை வைக்காமல் கதவின் அடிவிளிம்பைப் பிடித்து நேராகத் தூக்கி, இரு ஓரமும் தடித்த மரக்கட்டையை முட்டுக்கொடுத்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

அப்புறம் ஆள் தேடும் படலம். போனில் பேசிய ஒருவர், பார்க்காமலேயே முழுக் கதவையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றார். ஸ்பிரிங் உடைந்ததற்காக நல்ல கதவை மாற்றத் தேவையில்லை, அவரை விட்டுவிட்டேன். அடுத்தவர் கேட்ட கேள்விகளிலேயே வேலை தெரிந்தவர் என்று புரிந்தது. கதவின் அகலம், உயரம், எத்தனை ஸ்பிரிங், உள்விட்டம், நீளம், கம்பியின் தடிமன் என்று வரிசையாகக் கேட்டார். கம்பியை எப்படி அளப்பது என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார். நெருங்கிச் சேர்ந்திருக்கும் 10 சுற்றுகளை ஒன்றாக அளந்து பத்தால் வகுக்க வேண்டும். 63 மில்லிமீட்டர் வந்தால் கம்பி 6.3 மில்லிமீட்டர். உடைந்த ஸ்பிரிங்கை மட்டும் அளந்தேன், நல்ல ஸ்பிரிங்கின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

இவ்வளவு நுணுக்கமாக ஏன் அளக்க வேண்டும் என்று கேட்டால், ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். தடிமன் 5 சதவீதம் கூடினாலே விறைப்பு 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் ஸ்பிரிங்கை வாங்கி மாட்டினால் கதவு ஒன்று மேலே பாயும், இல்லையென்றால் தொப்பென்று விழும்.

“ஸ்பிரிங் மட்டும் வாங்கிட்டு வாங்க மாமா, வீடியோ பார்த்து நானே மாட்டிடறேன்” என்றான் மச்சினன். கை வேலையில் கெட்டிக்காரன்தான், வீட்டில் பாதி ரிப்பேர் அவன் செய்ததுதான். இருந்தும் இதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஸ்பிரிங்கின் முனையில் கூம்பு போல ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அதில் துளைகள், தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் திருகுகள். திருகைத் தளர்த்திய நொடியில் மொத்த முறுக்கும், துளையில் செருகிக் கையில் பிடித்திருக்கும் இரும்புக் கம்பிக்கு வந்துவிடும். ஏழு அடி உயரக் கதவுக்கு ஏறக்குறைய ஏழரைச் சுற்று முறுக்கு இருக்கும். துளைக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்குரூடிரைவரைச் செருகினால், நழுவும்போது அது சுழன்று முகத்திலோ கையிலோ அடிக்கும். கைமுறிவு, விரல் போவது எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. கதவின் அடிமூலையில் கேபிள் மாட்டியிருக்கும் பட்டையின் போல்ட்டும் அதே வகை. சாதாரண போல்ட் போலத்தான் தெரியும், அதையும் கழற்றக் கூடாது.

மெக்கானிக் வந்ததும் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்டேன். ஏணிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். முதலில் தண்டவாளத்தில் ரோலருக்கு மேலே ஒரு க்ளாம்ப்பை இறுக்கினார். முறுக்கும்போது கதவு திடீரென்று எழும்பாமல் இருக்க அது. பிறகு நல்ல ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்கினார். ஒரு கம்பி துளையில் இருக்க, இன்னொரு கம்பியை அடுத்த துளையில் ஆழமாகச் செருகி, பாரம் அதற்கு மாறியது என்று உறுதியான பிறகே முதல் கம்பியை உருவினார். ஒவ்வொரு முறையும் கால் சுற்று. அவர் முகம் ஒருபோதும் கம்பியின் நேர்க்கோட்டில் வரவில்லை, உடம்பை ஓரமாகவே வைத்திருந்தார். அவசரமே இல்லை.

இரண்டையும் மாற்றச் சொன்னார், நானும் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே அளவு வேலை செய்தவை. ஒன்று போனால் மற்றதும் அதிக நாள் தாங்காது. கேபிள்களையும் விரலால் தடவிப் பார்த்தார். அடிப்பட்டைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று இழைகள் அறுந்து முள்ளாக நின்றன. அதையும் மாற்றினோம்.

புது ஸ்பிரிங்கின் நீளத்துக்கு ஒரு நேர்க்கோடு பூசியிருந்தது. முறுக்க முறுக்க அந்தக் கோடு ஸ்பிரிங்கைச் சுற்றிக் கொடியாகப் படர்ந்தது. எத்தனை வளையம் தெரிகிறதோ அத்தனைச் சுற்று. இரண்டு பக்கமும் எண்ணிச் சரிபார்த்துவிட்டுத் திருகுகளை இறுக்கினார். கடைசியில் மோட்டாரைக் கோக்காமலே கதவைக் கையால் இடுப்பளவு தூக்கி விட்டார். விட்ட இடத்தில் நின்றது. அந்தச் சோதனையைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சாதாரண ஸ்பிரிங் 10,000 முறை திறந்து மூடத் தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுகிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு வருடம்கூட ஆகாது. எங்கள் வீட்டில் எல்லோரும் கராஜ் வழியாகவே போய் வருவதால், இன்னும் நீண்ட ஆயுள் உள்ள ரகத்தைப் போடச் சொன்னேன். விலை கூடுதல்தான், ஆனால் எங்கள் பழக்கத்துக்கு அது அவசியம். துரு ஆயுளைக் குறைக்கும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்பிரிங் மேல் லேசாக எண்ணெய் தெளிக்கிறேன். அன்றைக்கே கதவை மூடி, மோட்டாரிலிருந்து விடுவித்து, அந்த இடுப்பளவு சோதனையையும் செய்துவிடுகிறேன். கதவு கனத்தாலோ, நிற்காமல் நழுவினாலோ உடையும்வரை காத்திருக்காமல் ஆளைக் கூப்பிடலாம்.

சில வீடுகளில் தண்டுக்குப் பதிலாக, பக்கத் தண்டவாளங்களின் மேலே நீண்டு சுருங்கும் ஸ்பிரிங்குகள் இருக்கும். அந்த வகை அறுந்தால் துண்டுகள் கராஜுக்குள் பாயும். அவற்றின் நடுவே பாதுகாப்புக் கேபிள் ஒன்று ஓட வேண்டும், அறுந்த துண்டைப் பிடித்துக்கொள்வது அதுதான். உங்கள் கதவு அந்த வகை என்றால் இன்றைக்கே நிமிர்ந்து பாருங்கள், கேபிள் இல்லாவிட்டால் போட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.