எந்த கிளைவ் பிரபு?

1799 அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது சென்னை ஆளுநர் ‘கிளைவ் பிரபு’. இதைப் படித்ததும் ராபர்ட் கிளைவ் என்று எழுதிவிடுகிறோம். ராபர்ட் 1774-லேயே இறந்துவிட்டார். இவர் அவருடைய மகன் எட்வர்ட், இரண்டாம் கிளைவ் பிரபு. பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவதால் வரும் குழப்பம் இது. ஆகவே ஆண்டை முதலில் பாருங்கள், பிறகு எத்தனையாவது பிரபு என்று பாருங்கள், அப்புறம் இயற்பெயரைச் சேருங்கள். 1804-ல் எட்வர்ட் பவிஸ் ஏர்ல் (இன்னொரு பிரபுப் பட்டம்) ஆகிவிடுகிறார், அதற்குப் பிறகு அந்தப் பெயரில்தான் தேட வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ஒரே ஆளுக்குப் பல பெயர். பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியா அமைச்சராக 1866-67-ல் இருந்த கிரான்போர்ன் பிரபுவும், 1874-78-ல் இருந்த சாலிஸ்பரி பிரபுவும் ஒருவரே. தந்தை 1868-ல் இறந்ததும் மார்க்வெஸ் என்ற உயர் பிரபுப் பட்டம் அவருக்கு வந்தது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியும் அப்படித்தான். 1799-ல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அவர் மார்னிங்டன் பிரபு, வெல்லெஸ்லி மார்க்வெஸ் ஆனது அந்த ஆண்டின் இறுதியில். பெயர்ச் சுட்டி தயாரிப்பவர்கள் இவர்களை இரண்டு பேராக்கிவிடக் கூடாது.

பிரிட்டிஷ் அரசியல்வாதி ராண்டால்ஃப் சர்ச்சிலை ‘சர்ச்சில் பிரபு’ என்பது பிழை. டியூக்கின் (பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம்) இளைய மகனுக்கு மரியாதைக்காக இயற்பெயரோடு சேரும் அடைமொழி அது, ‘ராண்டால்ஃப் சர்ச்சில் பிரபு’ என முழுதாக எழுதுங்கள். பிரபு என்றதும் பிரபுக்கள் சபை என்று முடிவுகட்டவும் வேண்டாம். நார்த் பிரபுவின் பட்டமும் மரியாதைக்கானதே; பிரிட்டிஷ் பிரதமராக இருந்த 1770-82 முழுதும் அவர் காமன்ஸ் சபையில்தான் (தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் சபை) அமர்ந்திருந்தார்.