நேற்று கேட்டது, இன்று கேட்கவில்லை

முந்தின ராத்திரி படுக்கும்போது ஒன்றுமில்லை. காலை 5.30க்கு எழுந்தால் இடது காது அடைத்துக்கொண்டிருந்தது, உள்ளே பழைய ஃப்ரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, வழக்கம்போல் போனை இடது காதில் வைத்தேன். சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து வலது காதுக்கு மாற்றினால், "அம்மா, அம்மா, கேக்குதா" என்று மகள் கத்திக்கொண்டிருக்கிறாள்.

சளியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். கம்பெனி பேனல் கிளினிக்கில் கார்டைக் காட்டினால் போதும், காசு வேண்டாம். அங்கே போய், "காது அடைச்சிருக்கு டாக்டர்" என்றேன். விளக்கு வைத்துப் பார்த்தார். கொஞ்சம் அழுக்கு இருக்கிறது, மூக்கடைப்பாலும் இப்படி ஆகும் என்று சொல்லி, சளி மாத்திரையும் சொட்டு மருந்தும் ஒரு நாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்தார். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு வாரம் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில ராத்திரி தூக்கம் வருவதில்லை.

மறுநாள் இரவு சித்தி மகளிடம் போனில் பேசினேன். கெப்பாலா பத்தாஸில் நர்ஸாக இருக்கிறாள். "அக்கா, வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்'னு நீட்டுங்க. சத்தம் எந்தப் பக்கம் பெருசா கேக்குது?" என்றாள். வலது பக்கம், நல்ல காதில் கேட்டது. சொன்னதும் அவள் குரலே மாறிவிட்டது. அழுக்கோ நீரோ அடைத்திருந்தால் நம் சத்தம் அடைத்த காதில்தான் பெரிதாகக் கேட்குமாம். நல்ல காதுக்குப் போகிறது என்றால் உட்காதிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம். "நாளைக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்க, ஒரு வாரமெல்லாம் வேணாம்" என்றாள்.

இதற்குத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்று பெயர். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று ஒலி அதிர்வெண்களில் 30 டெசிபலாவது குறைந்தால் அப்படிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வலியே இல்லாததால்தான் நம்மவர்கள் ஏமாந்துபோகிறோம். வலித்திருந்தால் நான் அன்றைக்கே ஓடியிருப்பேன்.

மூன்றாம் நாள் காலை, குளுகோரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானும் என் வீட்டுக்காரரும் கணக்குப் போட்டோம். அரசாங்க மருத்துவமனையில் காது டாக்டரைப் பார்க்கக் கடிதம் வேண்டும். முதலில் கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, நம்பர் எடுத்து, கடிதம் வாங்கி, அதற்குப் பிறகுதான் தேதி கிடைக்கும். அந்தத் தேதி எப்போது வரும் என்ற பயத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போன் போட்டோம். 11 மணிக்கே வரச் சொன்னார்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். கவுண்டரில் அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள்: என் அட்டை வார்டில் படுத்தால்தான் செல்லும், வந்து பார்த்துவிட்டுப் போவதற்குச் செல்லாது. உங்களிடம் அட்டை இருந்தால் இந்த ஒன்றை இன்றைக்கே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

டாக்டர், சோதனை, மருந்து எல்லாம் சேர்த்து 480 வெள்ளி. அதற்கு நான் வருத்தப்படவே இல்லை. சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்து, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, மெல்லிய சத்தம் கேட்டாலும் அமுக்கச் சொன்னார்கள். வலது காதில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது காது முறை வந்தபோது வெகுநேரம் விரல் சும்மாவே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எதையோ திருகிக்கொண்டே போனார். 70 டெசிபல் வந்த பிறகுதான் எனக்கு ஏதோ கேட்டது.

நல்ல வேளையாக ஃபேக்டரிக் காகிதங்களைக் கொண்டுபோயிருந்தேன். 85 டெசிபலுக்கு மேல் சத்தமுள்ள இடத்தில் வேலை செய்பவர்களுக்கு வருடா வருடம் காது சோதனை செய்ய வேண்டும் என்று 2019 விதிமுறை இருக்கிறது. எங்கள் பிரிவுக்கும் வேன் வந்து எடுப்பார்கள். போன வருடத் தாளில் அதே இடது காதுக்கு 15 டெசிபலிலேயே கேட்டிருந்தது. டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மறு கேள்வி கேட்காமல் மருந்தை எழுதினார். தொழிற்சாலையில் இருக்கிறவர்கள் அந்தத் தாளின் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்கி வையுங்கள்.

60 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோன். 5 மில்லிகிராம் மாத்திரையாக ஒரே வேளைக்கு 12, பசியாறிய பிறகு. எனக்குச் சர்க்கரை எல்லையில் இருப்பதை நானே சொன்னேன், அவரும் தினமும் குத்திப் பார்க்கச் சொன்னார். 6இல் இருந்தது 13க்கு ஏறியது. சர்க்கரை உள்ளவர்கள் இதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

ஒரு வாரம் கழித்து மறு சோதனையில் 60. அடுத்து காதுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும், நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ.யும் எடுக்க வேண்டும் என்றார். ஊசி ஒவ்வொன்றும் 700க்குக் குறையாது, மூன்று நான்கு போடலாம், எம்.ஆர்.ஐ. 1,000க்கு மேல். எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே முகத்தைப் பார்த்துவிட்டு, "அரசாங்கத்திலும் இதே ஊசிதான், கடிதம் தரட்டுமா?" என்றார். எனக்கு அவ்வளவு நன்றி. கேட்காமலே சோதனைத் தாளின் நகலையும், எந்தத் தேதியில் என்ன மருந்து கொடுத்தார் என்பதையும் சேர்த்து வைத்துத் தந்தார்.

மறுநாளே ஐ.சி.யும் (அடையாள அட்டை) கடிதமுமாக அரசாங்க மருத்துவமனைக் கவுண்டரில் நின்றேன். அங்கேதான் பாடம் படித்தேன். "காது அடைப்பு" என்று சொல்லாமல், சித்தி மகள் சொல்லிக்கொடுத்தபடி மலாயில், "செமாலாம் போலே டெஙார், ஹாரி இனி தாக் டெஙார்" (நேற்று கேட்டது, இன்று கேட்கவில்லை) என்று தொடங்கி, இது எத்தனையாவது நாள் என்றும் சொன்னேன். அந்த நர்ஸ் கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்து, அன்றைக்கே உட்காரச் சொன்னார். தனியார் கடிதம் என்பதால் முதல் முறைக்கு 30 வெள்ளி; அதற்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 5. ஏழரைக்குப் போய் ஒன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். பக்கத்தில் ஜெலுத்தோங்கிலிருந்து வந்த ஒரு பாட்டி தன் பிஸ்கட்டில் பாதியை எனக்குத் தந்தார்.

பிறகு தெரிந்துகொண்டேன், முதல் நாளே நேராக அவசரப் பிரிவுக்குப் போய் இதையே சொல்லியிருக்கலாம். உயிருக்கு ஆபத்தில்லாதவர்களுக்கான பச்சைப் பகுதியில் காத்திருக்க வேண்டும்தான், ஆனாலும் பார்ப்பார்கள்.

ஊசிக்கு நான் பயந்த அளவு வலி இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, செவிப்பறையை மரக்க வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி மெல்லிய ஊசியைச் செலுத்தினார்கள். குளிர்ந்த நீர் தலைக்குள்ளேயே ஓடினாற்போல இருந்தது, கட்டில் சுற்றியது, தொண்டையில் கசப்பு இறங்கியது. அரை மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். பேசவோ விழுங்கவோ கூடாது. சின்ன வயது டாக்டர் என் தோளில் கைவைத்து, "முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது, ஆனா முயற்சி பண்ணலாம்" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். வாரம் ஒன்றாக நான்கு போட்டார்கள். எம்.ஆர்.ஐ.க்கு நான்கு மாதம் காத்திருந்தேன். அதற்கு அவசரமில்லை என்று இரு டாக்டர்களுமே சொல்லியிருந்தார்கள். கட்டி எதுவும் இல்லை.

இப்போது இடது காது 40இல் நிற்கிறது. இரைச்சல் போகவில்லை, ராத்திரி ஃபேன் சத்தத்தில் மறந்துவிடுகிறேன். சாப்பிடும்போது மகளை வலது பக்கம் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண், "அக்கா, காலையிலேர்ந்து காது அடைச்சிருக்கு" என்றாள். மெஷினை அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு அவளை லாக்கர் பக்கம் கூட்டிப்போய், 'ம்ம்ம்' என்று நீட்டச் சொன்னேன். அடைத்த பக்கம்தான் கேட்கிறது என்றாள். ஆனாலும் என்னால் விட முடியவில்லை, அன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்பினேன். வெறும் அழுக்குதான், எடுத்துவிட்டு மதியமே வேலைக்கு வந்துவிட்டாள்.