மீன் செத்தது ஓரிடம், காரணம் வேறோரிடம்

ஆற்றுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று கூடுகிறவர்கள் பெரும்பாலும் குப்பை அள்ளுவதில்தான் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அந்த வேலையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. கையுறை மாட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்கச் சேற்றில் நின்றவர்களுக்கு அந்த ஆறு சொந்தமாகிவிடுகிறது. பிறகு பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். தண்ணீர் நிறம் மாறியிருந்தால் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்கிறார்கள். எங்கள் குழு நிலைத்து நின்றதே இந்த எட்டிப் பார்க்கும் பழக்கத்தால்தான்.

அந்தக் காலத்தில் படித்துக்கொண்ட சில விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக், கண்ணாடி, துணி, டயர் எல்லாவற்றையும் எடுக்கலாம். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரத்தை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். அதன் அடியில்தான் மீன் குஞ்சுகள் ஒதுங்குகின்றன. அதன் பட்டையில் படியும் பாசியைத்தான் நத்தைகள் மேய்கின்றன. வெள்ளத்தை அடைக்கும் அளவுக்குப் பெரிய மரமென்றால் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு முடிவெடுப்பது நல்லது. கரையோர நாணலையும் கோரையையும் புதர் என்று நினைத்து வெட்டக் கூடாது, கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அவற்றின் வேர்கள்தான். கை காலில் காயம் உள்ளவர் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியே உடம்புக்குள் போய்விடும். மழை பெய்த மறுநாள் நாங்கள் யாரையும் இறங்க விடுவதில்லை. தனி ஆளாகப் போவதும் கிடையாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கோடையில், ஆறு வளையும் இடத்தில் மீன்கள் செத்து மிதந்தன. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஒரே பேச்சு. வளைவை ஒட்டி இருப்பவர்கள் மேல் சந்தேகம் திரும்பியது. அங்கே வலை வீசும் பெரியவர் ஒருவர் மட்டும் அதை ஏற்கவில்லை. "மருந்துன்னா எல்லாம் ஒண்ணா செத்திருக்கும் தம்பி. இதுங்க அதுக்கு முன்னாலயே மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குச்சுங்க. விராலைப் பாருங்க, ஒண்ணுகூடச் சாகல. விடியறதுக்கு முன்னால வந்து பாருங்க, புரியும்" என்றார்.

எங்கள் தேடல் முழுவதும் அவர் சொன்ன அந்த வார்த்தைகளிலிருந்துதான் கிளம்பியது. விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கும். மற்ற மீன்களில் பெரும்பாலானவை நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் நம்பி இருக்கின்றன. மற்றவை செத்து, விரால் பிழைத்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆக்சிஜன் பற்றாக்குறையைத்தான்.

20 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரிக்குப் போனால் அது ஏழரைக்கு இறங்கிவிடும். கோடையில் ஆறு ஏற்கெனவே குறைந்த மூச்சில்தான் இருக்கிறது என்று பொருள். 5-க்குக் கீழே போனால் பல மீன்கள் திணறத் தொடங்கும். 2-க்குக் கீழே பெரும்பாலானவை தாங்காது. இதில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. இரவில் அவையும் சுவாசிக்க மட்டுமே செய்கின்றன. அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆறு ஆகக் குறைந்த ஆக்சிஜனோடு இருக்கும். மதியம் அளந்தபோது எங்கள் மீட்டர் 7-ஐத் தொட்டது. அதே வளைவில் டார்ச் வெளிச்சத்தில், கிழக்கு வெளுக்கும் முன் அளந்தபோது 2-க்கும் கீழே. பெரியவர் சொன்னதை எண்ணாகப் பார்த்த அந்தக் காலையை எங்களில் யாரும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம்: அளந்த நேரம் எழுதாத அளவு நோட்டுப் புத்தகத்தில் ஏறாது.

மீட்டரை மட்டும் நம்பாமல் விங்க்லர் முறையிலும் சோதித்தோம். லாயோஷ் விங்க்லர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் 1888-இல் வெளியிட்ட முறை அது. இன்றைக்கும் பள்ளி ஆய்வகத்தில் செய்துவிடலாம். காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பிய பாட்டிலில் மாங்கனீசு சல்பேட்டையும், காரம் கலந்த அயோடைடு கரைசலையும் விட்டால், ஆக்சிஜன் இருக்கும் நீரில் பழுப்பாகத் திரளும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அந்தத் திரள் வெள்ளையாகவே நிற்கும். வளைவில் எடுத்த பாட்டிலில் வெளிறிப்போன திரளைப் பார்த்தபோது, எங்களோடு வந்த மாணவர்கள் யாருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. நூறு சுவரொட்டி ஒட்டினாலும் அந்த ஒரு பாட்டில் செய்த வேலையைச் செய்யாது.

சரி, ஆக்சிஜன் எங்கே போனது? இந்த இடத்தில் பொறுமை வேண்டும். சாக்கடை ஆற்றில் கலந்த இடத்திலேயே ஆக்சிஜன் ஒரேயடியாக விழுந்துவிடாது. கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகளுக்கு நேரம் தேவை. அவை தின்று பெருகி ஆக்சிஜனை இழுத்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கீழே நகர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் ஆக்சிஜன் அதிகம் விழுவது கழிவு கலந்த இடத்துக்கு வெகுதூரம் கீழே. அதையும் தாண்டிப் போகப்போகக் காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைந்து ஆறு மெல்லத் தேறுகிறது. ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து 1925-இல் இதைச் சமன்பாடாகவே எழுதி வைத்தார்கள். மீன் செத்த இடத்தில் நின்றுகொண்டு குற்றவாளியைத் தேடினால், பாவம், அந்த இடத்தில் குடியிருப்பவர்தான் அகப்படுவார். எங்கள் ஊர்ச் சண்டை அப்படித்தான் மூண்டிருந்தது.

ஆகவே நீரோட்டத்துக்கு எதிராக நடந்தோம். ஆற்றை உள்ளபடியே அறிந்துகொண்டது அந்த நடையில்தான். பாலத்திலிருந்து பார்த்த ஆறு வேறு, முழங்கால் தண்ணீரில் பார்த்த ஆறு வேறு. எங்கே கரையடியில் ஊற்றுநீர் கசிந்து தண்ணீர் சில்லென்று ஆகிறது, எந்த மண்சரிவில் மீன்கொத்தி பொந்து வைத்திருக்கிறது, எந்த மடுவில் கோடையிலும் ஆழம் குறைவதில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. ஆழம் குறையாத மடுக்களைப் படத்தில் தனியாகக் குறித்துக்கொண்டோம். நீர் வற்றும் காலத்தில் மீன்கள் உயிர் பிழைப்பது அவற்றில்தான். ஆற்றில் எதைக் காப்பாற்றாவிட்டாலும் அவற்றைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

நடையின்போது கையில் இருந்தது பேனா அளவு கடத்துதிறன் மீட்டர். நீரில் கரைந்திருக்கும் உப்புகள் கூடினால் அது காட்டும் எண்ணும் கூடும். சாக்கடையில் உப்புகள் அதிகம். வளைவிலிருந்து மேலே வர வர எண் பெரிதாக மாறவே இல்லை. ஓரிடத்தைத் தாண்டியதும் சட்டென்று இறங்கியது. திரும்பி வந்து பார்த்தால், நாணலுக்குள் மறைந்தபடி ஒரு குழாய்வாய். மழைநீர் வடிகால் அது. மழை பெய்து பல வாரம் ஆகியும் அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் ஆற்றில் எதைத் தேட வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மழையில்லாத நாளில் ஓடும் மழைநீர் வடிகால்.

குழாய்க்கு மேலேயும் கீழேயும் ஆற்றின் அடியில் வாழும் பூச்சிகளையும் பார்த்தோம். இதற்கு வேதிப்பொருள் எதுவும் வேண்டாம். நீரோட்டத்தில் வலையை ஊன்றி, அதற்கு மேற்புறம் நின்று கூழாங்கற்களைக் காலால் கிளறினால், கிளம்பும் உயிர்கள் வலைக்குள் வந்து சேரும். வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்துவிட்டு உடனே ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். மேலே எடுத்த தட்டில் மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சுகள் இருந்தன. வயிற்றின் இரு பக்கமும் இறகு போன்ற செவுள்கள் படபடத்துக்கொண்டிருக்கும். மணல் துகள்களைப் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்ட கேடிஸ் பூச்சிகளும் இருந்தன. இரண்டுக்கும் சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த நீர் வேண்டும். கீழே எடுத்த தட்டில் செம்புழுக்கள் மட்டுமே. அவற்றின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். அந்தச் சிவப்பே அதனால்தான். மீட்டர் அந்தக் கணத்தை மட்டும் சொல்லும். பூச்சிகளோ பல மாதங்களாக அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகின்றன.

அடுத்து மனு. முதலில் கொடுத்த மனுவில் ஆறு கெட்டுவிட்டது, காப்பாற்றுங்கள் என்று எழுதியிருந்தோம். பதில் வரவில்லை. அடுத்த மனு ஒரே பக்கம். குழாயின் இடம் குறித்த வரைபடம், மேலும் கீழும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளின் அட்டவணை, தேதி பதிந்த படங்கள். அதோடு, முத்திரையிட்டு ஐஸில் வைத்துக் கொடுத்த தண்ணீருக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் தந்த முடிவு. கடைசியில் கேள்வி மட்டும்: இந்த வடிகால் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, மழையில்லாத நாட்களில் இதில் ஓடுவது என்ன? நேராகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்பதால் அது மேஜை மேஜையாக நகர்ந்தது. கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. அதைக் காகிதத்தில் ஏற்றவில்லை. வளைவில் இருப்பவர்களையும் அந்தப் பெரியவரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போனோம். பழி சுமந்தவர்களே அட்டவணையை விளக்கிப் பேசியதுதான் அங்கே எடுபட்டது.

இடையில் பலர் சோர்ந்துபோனார்கள். அப்போதெல்லாம் தேம்ஸைப் பற்றிப் பேசுவோம். லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் 1957-இல் அந்த ஆற்றை உயிரியல் ரீதியாகச் செத்துவிட்டது என்று அறிவித்தார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டதும் ஆக்சிஜன் திரும்பியது. 1974-இல் அதில் சால்மன் மீன் அகப்பட்டது. கழிவை நிறுத்தினால் ஆறு தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

முடிவில் அதிகாரிகள் வடிகாலைத் திறந்து பார்த்தார்கள். பிரதானச் சாக்கடைக் குழாயில் அடைப்பு. வழிந்த கழிவெல்லாம் பக்கத்து மழைநீர் வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அடைப்பை எடுத்து, உடைந்த இணைப்பை அடைத்தார்கள். நாங்கள் தொடர்ந்து அதிகாலையில் அளந்தோம். ஆக்சிஜன் முதலில் ஏறியது. பூச்சிகள் தாமதமாகத்தான் வந்தன. அடியில் படிந்த கரும்சேற்றை ஒரு வெள்ளம் அடித்துப்போன பிறகே குழாய்க்குக் கீழே கேடிஸ் கூடுகளைப் பார்த்தோம்.

ஆகாயத்தாமரை மட்டும் இன்னும் தீரவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி அது. ஒரு துண்டு மிஞ்சினாலும் தழைத்துவிடும், விதையோ சேற்றில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். கீழே எவ்வளவு எடுத்தாலும் மேலிருந்து மிதந்து வந்துகொண்டே இருக்கும் என்பதால் மேற்பகுதியிலிருந்து தொடங்கிக் கீழே வருகிறோம். எடுத்ததைக் கரையில் குவிப்பதில்லை, வெள்ளம் எட்டாத இடத்துக்குத் தள்ளிக் காயப்போடுகிறோம். அதற்குத் தீனி நைட்ரஜனும் பாஸ்பரசும். கழிவு குறைந்த பிறகு அது பரவும் வேகம் தணிந்திருப்பது எங்கள் படங்களிலேயே தெரிகிறது.

இப்போது ஒரு கிளை ஓடை வந்து சேரும் இடத்துக்குக் கீழே கடத்துதிறன் ஏறி நிற்கிறது. ஓடைக்குள் இன்னும் யாரும் முழுதாக நடந்து பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் அதன் வழியே மேலே போகிறோம். பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.