மச்சச் சட்டியும் சைவச் சட்டியும்

பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற் கூழும் நண்டுக் கறியும் சமைத்து வீடு வீடாகக் கொடுக்கும் சிறு தொழிலொன்றை யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டின் குசினியிலேயே தொடங்குவதென்று 2023 இல் நானும் இவரும் தீர்மானித்தபோது, எங்கள் கணக்கு மிகவும் நேரானதாகத்தான் இருந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் சனம் வந்து இறங்கும். வந்தவர்கள் கூழுக்கு ஏங்குவார்கள். ஏங்குபவர்களுக்கு நாங்கள் விற்போம். ஆடியில் எதையும் தொடங்கக்கூடாது என்று மாமி தடுத்துவிட்டதால், ஆவணி பிறக்கும்வரை பொறுத்திருந்து, ஓகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம்.

வெள்ளிக்கிழமையில் மச்சம், அதாவது மீன் நண்டு போட்ட சாப்பாடு, விலை போகாது என்பதால் அன்று வியாபாரம் இல்லை. சனிக்கிழமை பதினொரு பேருக்குக் கூழ் போனது. மறுநாள் ஆவணி ஞாயிறு, விரதம். திங்கட்கிழமை நல்லூரில் கொடி ஏறிவிட்டது. ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரையான 25 நாட்களுக்கு எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் மீன் சட்டி அடுப்பேறாது என்பதைப் பிறந்ததிலிருந்தே அறிந்திருந்த எனக்கு, அன்று காலை மாமி எங்கள் வீட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அது உறைத்தது. கனடாக்காரரும் சைவத்துக்கு மாறியிருந்தார்கள். குருநகர்ப் பக்கம் கொண்டுபோய் விற்கலாமே என்றார் இவர். கடற்கரையில் இருப்பவர்களுக்கு நண்டுக் கூழ் விற்பதைக் காட்டிலும் கொல்லன் தெருவில் ஊசி விற்பது இலகு என்று நான் சொல்லிவிட்டேன்.

வேறு வழியின்றி, சைவச் சாப்பாடும் செய்து தருவோம் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அறிவித்தோம். நான்காம் நாள், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் முப்பது பேருக்கு இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்க் குழம்பும் கேட்டது. ஒரேயொரு நிபந்தனை: அவர்களுடைய அம்மம்மா வந்து குசினியைப் பார்ப்பார்.

அதற்கு முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்திருந்தார். கிணறு, குப்பை வாளி, மருத்துவ அறிக்கை, எங்கள் நகங்கள் எல்லாவற்றையும் பார்த்துப் பத்து நிமிடத்தில் போய்விட்டார். அம்மம்மாவுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. கடன்பட்டு வாங்கிய புதுப் பாத்திரங்களைக் காட்டினேன், தலையசைத்தார். பிறகு சுவரில் தொங்கிய சிரட்டை அகப்பையைக் கழற்றி, குழிந்த பக்கத்தை மூக்கோடு ஒட்டி வைத்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"திருக்கை," என்றார்.

சனிக்கிழமைக் கூழில் உண்மையாகவே திருக்கைதான் போட்டிருந்தேன். வெந்நீரில் மூன்று தரம் கழுவிய அகப்பையிலிருந்து மீனின் இனத்தையே பிரித்துச் சொன்ன அந்த மூக்குக்கு முன்னால் பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அம்மியும் தேங்காய்த் திருவலையும் அடுத்தடுத்துத் தள்ளுபடியாயின. அலுமாரியின் மூலையில் நான் மறந்தே போயிருந்த மாசிக் கருவாட்டுப் போத்தலை அவர் இரண்டு விரல்களால் தூக்கி முற்றத்தில் வைத்தபோது, மாமி என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன். மாமிக்கும் அவருக்கும் ஐந்து நிமிடத்தில் சிநேகிதம் பிடித்துவிட்டது.

அன்று பின்னேரமே திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போய்ப் புது அகப்பை, புதுத் திருவலை, கறிக்கு இரண்டு மண்சட்டி எல்லாம் வாங்கினோம். அம்மி வாங்கக் காசு மிஞ்சாததால் மாமி தன் பழைய சைவ அம்மியை, பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்ற கட்டளையோடு, இரவல் தந்தார். முப்பது பேருக்கான அந்தச் சாப்பாட்டில் இலாபம் ஒரு சதமும் இல்லை. ஆனால் சம்பல் நன்றாக இருந்ததென்று அம்மம்மா ஊரெல்லாம் சொன்னதால், தீர்த்தம் முடியும்வரை எங்கள் இடியப்ப உரல் ஓயவில்லை. கூழுக்கென்று வாங்கி வைத்த ஒடியல் மா மட்டும் டின்னுக்குள் காத்திருந்தது.

தீர்த்தமும் பூங்காவனமும் கழிந்து, வைரவர் மடையும் முடிந்த சனிக்கிழமை இரவு தொலைபேசி அடித்தது. அம்மம்மாதான்.

"பிள்ளை, நாளைக்கு ஆவணிக் கடைசி ஞாயிறு. திங்கட்கிழமைக்கு எட்டுப் பேருக்குக் கூழ் வேணும், நண்டு கூடப் போடும்."

சரியென்று சொல்லி வைக்கப் போனேன்.

"பொறும். அந்தச் சைவச் சட்டியில வைச்சுப் போடாதையும். கந்தசட்டிக்கு எனக்கு அது வேணும்."