சிலியில் ஒரு பாலஸ்தீனம்

"பாலஸ்தீனர் என்றொரு மக்களே இருந்ததில்லை" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவைப் பார்க்கட்டும். அங்கே 'பாலஸ்தீனோ' என்ற கால்பந்துக் கழகம் 1920இல் தொடங்கப்பட்டது. இஸ்ரேல் உருவானது 1948இல். பாலஸ்தீனத் துறைமுக நகரமான யாஃபாவில் 'ஃபலஸ்தீன்' என்ற பெயரில் செய்தித்தாள் வெளிவரத் தொடங்கியது 1911இல்.

கழகத்தைத் தொடங்கியவர்கள் பெத்லகேம், பெய்த் ஜாலா, பெய்த் சஹூர் பகுதிகளிலிருந்து போன குடும்பங்கள். பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அன்று பாலஸ்தீனத்தை ஆண்ட துருக்கிய ஒட்டோமான் பேரரசின் கட்டாயப் படைச்சேவையும் வறுமையும் துரத்த, கப்பலில் அர்ஜென்டினா வந்து, அங்கிருந்து கோவேறு கழுதைகளில் ஆண்டிஸ் மலையைக் கடந்தார்கள். கையில் இருந்தது ஒட்டோமான் கடவுச்சீட்டு. அதனால் உள்ளூர்க்காரர்கள் அவர்களைத் துருக்கியர் என்றே ஏளனமாக அழைத்தார்கள். தெருத்தெருவாக ஊசி, நூல், சீப்பு விற்றுத்தான் தலையெடுத்தார்கள். அரபு உலகுக்கு வெளியே மிகப் பெரிய பாலஸ்தீனச் சமூகம் இன்று சிலியில்தான் இருக்கிறது.

2014இல் கழகத்தின் சட்டைகளில் 1 என்ற எண்ணை, 1948க்கு முந்தைய பாலஸ்தீன வரைபடத்தின் வடிவத்தில் அச்சிட்டார்கள். மேலே அகன்று, கீழே கூம்பி நிற்கும் அந்த நீளமான நிலம். புகார் எழுந்தது. சிலி கால்பந்து அமைப்பு அபராதம் விதித்து, அந்த எண் வடிவத்தைத் தடைசெய்தது. ஆனால் கழகத்தின் பெயரையும் சட்டையில் உள்ள பாலஸ்தீனக் கொடியின் நிறங்களையும் யாராலும் எடுக்க முடியவில்லை. 2018இல் இதே கழகம் சிலி கோப்பையை வென்றது.